ஐந்தாம் கட்டம்

மார்கழி பிறந்தால் கொழும்பிலிருந்து
ஒரு கோடு வரும், மின்னஞ்சலில்.
இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் வீங்கி,
கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி.
என்னைத் தவிர ஏழு பேர் எங்கள் சுன்னாகம் கிளையில்.
ஏழு பேரையும் அந்தச் சட்டிக்குள்
அடுக்கித் தரவேண்டும்.
ஒருவர் முதலாம் கட்டம். ஒருவர் ஐந்தாம் கட்டம்.
மிச்சப் பேர் வீக்கத்துக்குள்.

ஐந்துக்கு ஆளில்லை என்று
வந்த வருடம் எழுதினேன்.
சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தது:
இந்த இடத்தை வெறுமையாக விட முடியாது.

மயூரதன் என்று போட்டேன்.
காரணம் கேட்ட பெட்டிக்குள்
'முன்முயற்சி போதாது.'
அந்தக் கிழமைதான் அவன்
இடுப்பளவு வெள்ளத்துக்குள் நடந்துபோய்
இரண்டு லாண்ட்மாஸ்டர் தவணை வாங்கிவந்திருந்தான்,
காசு பொலித்தீன் பைக்குள்,
பை ஹெல்மெட்டுக்குள்.

பிறகு வந்த வருடங்களில்
எனக்கு அவ்வளவு கஷ்டமிருக்கவில்லை.
ஐப்பசி தொடங்க யாரோ ஒருவரின் கணக்கு
தானாகவே இறங்கும்.
கார்த்திகையில் இன்னும் இறங்கும்.
இலக்கம் சொல்வதை நான் எழுதினேன்.
கடிதத்தைக் கொடுக்கும்போது
'சரி சேர்' என்று வாங்கிக்கொண்டு
மத்தியானம் எல்லாரோடும் இருந்து சாப்பிட்டார்கள்.
நல்ல பக்குவம் என்று நினைத்தேன்.
என்னுடைய பக்குவம் என்றும் கொஞ்சம்.

போன மாசம் ஸ்டேப்லர் தேடி
துஷ்யந்தியின் லாச்சியை இழுத்தபோது
அடியில் ஒரு கொப்பி.
மட்டையில் 'சீட்டு'.
உள்ளே வருடம், பெயர்,
போனஸ் வெட்டுப்பட்ட தொகை,
மற்ற ஆறு பேரும் போட்டுக் கொடுத்த தொகை,
கையெழுத்து.
ஜெனிற்றா: மகளின் ஒப்பரேஷன், முறை தள்ளிப் போட்டது.
பதிலுக்குக் குலேந்திரன்.
முறைக்காரரின் ஃபைல்கள் எந்தெந்தக் கிழமையில்
யார் யார் பெயருக்கு மாறவேண்டும்
என்பதற்குத் தனி ஒற்றை.
தலைமையகம் இதுவரை எங்களுக்கு அனுப்பிய
எந்தத் திட்டமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

முதல் வரி மட்டும் வேறு மையில்:
மயூரதன். சேர் தானே எழுதினது.

கொப்பியை இருந்த இடத்தில், இருந்த சரிவில் வைத்தேன்.
ஸ்டேப்லர் என் மேசையில்தான் கிடந்தது.

இன்று காலை காணொளிக் கூட்டம்.
மனிதவளப் பெண்மணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.
நாடு முழுக்க எங்கள் கிளையில் மட்டும்தான்
ஒருவரும் இரண்டாம் தரம் ஐந்துக்குள் விழவில்லையாம்.
மற்ற இடங்களில் விழுந்தவர் விழுந்தபடி,
அல்லது விலகியபடி.
மீண்டெழும் பண்பாடு என்று
அதற்கொரு பெயரும் வைத்துவிட்டார்கள்.
மாசியில் நீர்கொழும்பு ஹோட்டலில்
இருபது நிமிடம் நான் பேசவேண்டும்:
உங்கள் தலைமைத்துவத்தின் இரகசியம் என்ன?

ஐந்தரை. எல்லாரும் வெளிக்கிட்டாச்சு.
முதல் சிலைட்டில் என் பெயரும் படமும்.
இரண்டாவது வெள்ளை.
இன்வேட்டர் கீச்சிட்டது, கரண்ட் போய்
ஃபான் நின்றது.

துஷ்யந்தி ஸ்கூட்டித் திறப்போடு
கதவடியில் நின்றாள்.
'வாகீசன் கனடா போறான் சேர்.
கொப்பியில ஒரு இடம் இருக்கு.'

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'லாச்சியை வடிவாச் சாத்தயில்லை நீங்கள்,' என்றாள்.
'மனேச்சர்மாருக்கும் மேல ஒரு கோடு
இருக்குத்தானே?'

இருக்கிறது.
பன்னிரண்டு கிளை, ஒரு சட்டி.
இரண்டு வருடமாக
நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று
வீட்டிலும் சொன்னதில்லை.

எவ்வளவு கட்டவேணும் என்று கேட்டேன்.

'முதல்ல நீங்கள் கட்டுங்கோ,' என்றாள்,
'மயூரதன்ர வருசத்தில இருந்து.
எடுக்கிறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்.'